வெள்ளைத் திட்டும் ரத்த ரிப்போர்ட்டும்: அவசரமாக முடிச்சுப் போடாதீர்கள்

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘வெண்பொருளில் மாற்றங்கள்’ (ஸ்கேனில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரிபவை) என்று ஒரு வரி. அடுத்த வரியில் ‘மூளைத் தமனியில் சுருக்கம்’. ரத்தப் பரிசோதனைத் தாளிலோ ஹோமோசிஸ்டீன் (ரத்தத்தில் உள்ள ஒரு அமினோ அமிலம்) 19 என்று தடித்த எழுத்தில் நிற்கிறது. மூன்றையும் பக்கத்தில் வைத்ததுமே மனசு ஒரு கதை கட்டிவிடும்: ரத்தத்தில் அது ஏறியது, குழாய் சுருங்கியது, மூளையில் திட்டு விழுந்தது. தவறுகள் பெரும்பாலும் இந்தக் கதையில்தான் தொடங்குகின்றன.

வெண்பொருள் என்பது மூளைக்குள் ஆழத்தில் ஓடும் நரம்பிழைகளின் கட்டு. அதற்கு ரத்தம் தருபவை முடியைப் போன்ற நுண்குழாய்கள். ஸ்கேனில் சுருக்கம் என்று சொல்லப்படுவதோ நடுமூளைத் தமனி போன்ற பெரிய குழாயில். ரத்த அழுத்தம், சர்க்கரை, வயது, புகை ஆகியவை இரண்டையும் தனித்தனியாகவே கெடுக்கக்கூடியவை. அதனால் ஒன்று மற்றொன்றைத்தான் உண்டாக்கியது என்று சொல்லிவிட முடியாது. சுருங்கிய குழாய் இருக்கும் பக்கத்தில் மட்டும் திட்டுகள் கூடுதலாக இருந்தால் அந்தச் சந்தேகத்துக்கு இடமுண்டு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் நுண்குழாய்க் கோளாறைத்தான் முதலில் நினைக்க வேண்டும். 60 வயதைத் தாண்டிய பலருக்கும் சில திட்டுகள் இருக்கும், அதைப் பார்த்ததும் ‘மறதி நோய்’ என்று பதற வேண்டாம்.

சரி, அந்த 19க்கு வருவோம். ஹோமோசிஸ்டீனுக்கு எடுத்த ரத்தத்தை ஐஸில் வைத்து, சிவப்பணுக்களைச் சீக்கிரம் பிரிக்காவிட்டால், அவற்றிலிருந்து அது கசிந்துகொண்டே இருக்கும். ரத்தம் எடுத்த குழாய் மேசையில் கிடக்கக் கிடக்க எண் ஏறும், நோயாளி ஒன்றும் செய்யாமலே! பி12 குறைபாடு, சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் ஏறும். குறைபாடு இருந்தால் வைட்டமின் அவசியம்தான். ஆனால் எண்ணை இறக்கிவிட்டால் பக்கவாதம் வராது என்று நம்புவது தவறு. 2004இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் வைட்டமின்கள் எண்ணைக் குறைத்தன, மறுபடி வரும் பக்கவாதத்தைக் குறைக்கவில்லை.

ரத்த ரிப்போர்ட்டில் வரும் இன்னொரு எண்ணான சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டுவது) இன்னும் சஞ்சலமானது. ஒரு சளிக்காய்ச்சலே அதை ஏற்றிவிடும். 10க்கு மேல் போனால் வேறு தொற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுப்பதே முறை.

மூளைத் தமனியில் ‘70 சதவீதம் அடைப்பு’ என்றதும் ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் வலைச்சுருள்) கேட்பது அடுத்த தவறு. சாதாரண எம்.ஆர். ஆஞ்சியோ (ரத்தக் குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) சுருக்கத்தைச் சற்று மிகைப்படுத்திக் காட்டும் என்பது ஒருபுறம். இன்னொருபுறம் 2011இல் வெளியான சாம்ப்ரிஸ் ஆய்வு: 70 முதல் 99 சதவீதச் சுருக்கத்தால் பக்கவாதமோ, அதற்கு எச்சரிக்கையாக வந்து தானே சரியாகும் தற்காலிகப் பக்கவாதமோ வந்தவர்களில், ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 30 நாளில் பக்கவாதமோ மரணமோ 14.7 சதவீதம், தீவிர மருந்துச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 5.8.

அப்புறம், அந்த மருந்துச் சிகிச்சையில் எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) 70க்குக் கீழே இறங்கியதும் ‘நார்மல் ஆயிடுச்சு’ என்று ஸ்டேட்டினை (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை) நிறுத்துகிறவர்கள் உண்டு. மாத்திரை இருந்ததால் வந்த எண் அது. நிறுத்தினால் சில வாரங்களிலேயே பழைய இடத்துக்கு ஏறிவிடும்.