நெல்லைப் பக்கம் வீட்டுத் தோட்டம் போடப் போகிறீர்களா? முதலில் காற்றையும் தண்ணீரையும் பாருங்கள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் புறவாசலில் காய்கறி போட ஆரம்பித்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் பறித்த காயைவிடப் பிடுங்கிப் போட்ட செடிதான் அதிகம். உரம் போதவில்லை போல என்று உரம் வாங்கிப் போட்டேன், பூச்சி என்று மருந்து வாங்கி அடித்தேன், ஒன்றும் சரிவரவில்லை. விதைத்த மாதமும் ஊற்றிய தண்ணீரும்தான் தப்பு என்று புரிந்துகொள்ள மூன்றாவது வருடம் ஆனது. அதே மண், அதே விதை, இப்போது வருடத்தில் எட்டு மாதம் வீட்டுக்குத் தேவையான கத்தரி, வெண்டை, சீனியவரை (கொத்தவரை) எல்லாம் புறவாசலில் இருந்தே வருகிறது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் அந்த இரண்டு வருடத்தை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: இடம்

வாங்க வேண்டியதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி, பன்னிரண்டு மணி, மாலை நாலு மணி என்று மூன்று தடவை புறவாசலில் போய் நின்று வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படும் இடம் வேண்டும். வேப்பமரத்து நிழலில் கீரைகூட ஒல்லியாக நீண்டு சாய்ந்துவிடும். இடம் கிடைத்ததும் பத்தடி நீளம், எட்டடி அகலம், அதற்கு மேல் முதல் வருடம் போகாதீர்கள். கண்ணில் தினமும் படுகிற இடமாக இருந்தால் ரொம்ப நல்லது. பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் போட்ட பாத்தி எங்கள் வீட்டில் ஒருநாளும் கெட்டதில்லை, சுவருக்குப் பின்னால் மறைவாகப் போட்டதுதான் கெட்டது.

மாடியில் தொட்டியிலோ செடிப்பையிலோ வைக்கிறவர்களுக்கும் கிட்டத்தட்ட இதேதான். கத்தரிக்கும் தக்காளிக்கும் ஒரு அடிக்குக் குறையாத ஆழம் வேண்டும், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும்.

இரண்டாவது படி: மண்

நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் மண் மாறும். ஆற்றங்கரை ஊர்களான சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் வண்டல், கயத்தாறு பக்கம் கரிசல், ராதாபுரம், திசையன்விளை பக்கம் செம்மண். எங்கள் வீட்டில் சரளும் செம்மண்ணும் கலந்தது. உங்கள் மண் எது என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் ஈரமண்ணைக் கையில் எடுத்து உருண்டை பிடியுங்கள். உருண்டை நிற்காமல் உதிர்ந்தால் தண்ணீர் தங்காத மண், மக்கிய சாணம் தாராளமாகச் சேர்க்க வேண்டும். மாவு மாதிரி கொழகொழவென்று உருண்டு, காய்ந்ததும் கல்லாகிவிட்டால் கரிசலோ களியோ. அதற்கும் சாணம்தான், ஆனால் கூடவே மண்ணை மேடாக்கியாக வேண்டும்.

மம்பட்டியால் ஒரு அடி ஆழம் கொத்தி, இரண்டு கூடை மண்ணுக்கு ஒரு கூடை மக்கிய சாணமோ ஆட்டுப்புழுக்கையோ கலந்து, அரையடி முதல் ஒரு அடி வரை உயரமாக மேட்டுப்பாத்தி போடுங்கள். பச்சைச் சாணத்தை அப்படியே போட்டால் சூடு ஏறி வேர் கருகும், கறையானும் வரும். ஒரு வாரம் தண்ணீர் தெளித்து ஆறவிட்டு அப்புறம் நடலாம்.

மேட்டுப்பாத்தியைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் புறவாசலில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு செடியெல்லாம் பச்சையாகத்தான் இருந்தது, தப்பித்துவிட்டது என்று நினைத்தேன். நாலாம் நாள் வெயில் அடித்ததும் சமதரையில் இருந்த மிளகாயும் கத்தரியும் இலை தொங்கி, ஒரே வாரத்தில் மொத்தமும் போய்விட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாகி, விரலால் உருவினால் தோல் கழன்று வந்தது. வேருக்கும் காற்று வேண்டும், தண்ணீருக்குள் அது மூச்சு முட்டி அழுகிவிடும். ஒரு அடி மேட்டில் இருந்த ஆறு கத்தரி மட்டும் பிழைத்து பங்குனி வரை காய்த்தது.

மூன்றாவது படி: பட்டம்

பட்டம் என்றால் விதைக்கிற பருவம். இதுதான் இந்த விளக்கத்திலேயே முக்கியமான இடம், அவசரப்படாமல் படியுங்கள்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்று எல்லோருக்கும் தெரியும். நானும் அதை நம்பி முதல் இரண்டு ஆடியிலும் தக்காளி நாற்றும் பாகல் விதையும் போட்டேன். பழமொழியில் தப்பில்லை, ஆடியில் சாரல் விழுகிற செங்கோட்டை, குற்றாலம் பக்கம் அது சரியாகவே வரும். ஆனால் மலையை விட்டுக் கிழக்கே வர வர மழை இருக்காது, மேற்கிலிருந்து வீசும் மேலக்காற்று மட்டும்தான் இருக்கும். கயத்தாறிலும் பணகுடியிலும் வரிசையாகக் காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்களே, அதே காற்றுதான் நம் தக்காளி நாற்றின் மேலும் அடிக்கிறது. இளங்கொடி முறிந்துபோகும், பூ உதிரும், காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் காய்ந்துவிடும்.

அதனால் பாளையங்கோட்டை மாதிரி சமவெளியில் இருக்கிறவர்கள் ஆனி, ஆடியை மண் தயார் செய்யவும் உரம் மக்கவைக்கவும் ஒதுக்கிவிடுங்கள். ஆவணிக் கடைசியில் காற்று தணியும்போது கத்தரி, மிளகாய் நாற்றுப் பாவுங்கள், அதாவது நாற்றுக்காக விதை தூவுங்கள். வயல்காரர்கள் பிசான நெல் சாகுபடிக்குத் தயாராகிற நேரம் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. புரட்டாசியில் நாற்றைப் பிடுங்கி நட்டுவிட்டால் ஐப்பசி மழை வருவதற்குள் வேர் பிடித்து நிற்கும். அடைமழையில் நட்ட நாற்று பெரும்பாலும் தங்காது.

தக்காளிக்கு ராத்திரி குளிர்ச்சி இருந்தால்தான் பூ காயாக மாறும். கார்த்திகையில் பாவி மார்கழியில் நட்டால் மாசி, பங்குனியில் பழம் பறிக்கலாம். வெண்டை, சீனியவரை, சுரை, பீர்க்கு, புடலைக்குத் தைப்பட்டம். இவை வெயில் தாங்குகிற சாதி, சித்திரை வரை காய்க்கும். சிறுகிழங்கு பிடிக்கும் என்றால் அதன் கொடித்துண்டை ஆவணியிலேயே மேட்டில் நட்டுவிடுங்கள், ஐந்து மாதம் எடுத்துக்கொள்ளும், தைப்பொங்கல் குழம்புக்கு வீட்டுக் கிழங்கே இருக்கும்.

காற்று அடிக்கிற இடம்தான், வேறு வழியில்லை என்றால் மேற்குப் பக்கம் பனைமட்டை வேலி கட்டுங்கள். சுவர் மாதிரி முழுதாக அடைக்காமல் இடைவெளி விட்டுக் கட்டினால் காற்று வேகம் குறைந்து உள்ளே வரும்.

நாலாவது படி: விதைப்பு

முதல் வருடம் மூன்றே மூன்று போதும், கத்தரி, வெண்டை, சீனியவரை. தக்காளி இரண்டாவது வருடம்.

வெண்டையும் சீனியவரையும் நேரடியாக ஊன்ற வேண்டியவை. வெண்டை விதையை ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, காலையில் விரல் கணு ஆழத்தில் ஒரு அடிக்கு ஒன்றாக, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி விட்டு ஊன்றுங்கள். நாலைந்து நாளில் முளைக்கும், 45 நாளில் காய் பறிக்கலாம். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு 20 வெண்டைச் செடி இருந்தால் ஒன்றுவிட்டு ஒருநாள் ஒரு பொரியலுக்குத் தேறும். சீனியவரைக்கு அரையடி இடைவெளி போதும்.

கத்தரியை முதலில் சின்னத் தட்டிலோ தேங்காய்ச் சிரட்டையிலோ பாவி, 30 முதல் 35 நாள் ஆனதும் மாலை வேளையில் எடுத்து நடுங்கள். செடிக்குச் செடி இரண்டடி. நடும்போது அந்த இரண்டடி ரொம்ப வெறுமையாகத் தெரியும், நடுவில் இன்னொன்று வைக்கலாம் என்று கை துறுதுறுக்கும், வைக்காதீர்கள். இரண்டு மாதத்தில் செடிகள் ஒன்றையொன்று தொட்டுவிடும். அந்த வெறும் இடத்தில் சிறுகீரை தூவுங்கள், கத்தரி பெரிதாவதற்குள் கீரையைப் பறித்து முடித்துவிடலாம்.

புறநகரில் வீடு இருக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மயில் வரும். முளைத்து இரண்டு இலை விட்ட பாத்தியை ஒரே காலையில் கிளறிப் போட்டுவிடும். கடற்கரை ஊர்களில் பழைய மீன்வலை கிடைக்கும், வாங்கி நாலு கம்பு நட்டு மூடிவிடுங்கள்.

ஐந்தாவது படி: தண்ணீர்

தினமும் காலையும் மாலையும் ஊற்றினால் செடி நன்றாக வரும் என்று நினைத்தேன். ஒரு தடவை ஊருக்கு வந்திருந்த ஆச்சி, நான் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, “ஏட்டி, தெனமும் ஊத்தாத. மண்ணுல வெரல விட்டுப் பாரு, வெரல்ல மண்ணு ஒட்டுச்சுன்னா நாளைக்கு ஊத்து” என்றாள். அன்றிலிருந்து அதுதான் எனக்குக் கணக்கு.

ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை செடி தூருக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் விடுங்கள். மேல்மண் வெளுத்துப் பொடியாக இருந்தாலும் உள்ளே விரல் நுனிக்குக் குளிர்ச்சி தட்டும். விரலை எடுத்துப் பார்த்தால் நகக்கண்ணில் ஈரமண் ஒட்டியிருக்கும். ஒட்டியிருந்தால் தண்ணீர் வேண்டாம். உள்ளேயும் பொடியாக இருந்தால் காலை எட்டு மணிக்குள், தூரில் கொட்டாமல் சுற்றிலும் நின்று நிதானமாக ஊற்றுங்கள். எங்கள் தரையில் மழைக்குப் பின்னால் நாலு நாளுக்கு ஒருமுறை, பங்குனி, சித்திரையில் ஒன்றுவிட்டு ஒருநாள். தொட்டிச் செடிக்குக் கோடையில் தினமும் தேவைப்படும், ஆனாலும் விரலை விட்டுப் பார்த்துவிட்டே ஊற்றுங்கள்.

மத்தியான வெயிலில் இலை தொங்கினால் உடனே ஓடிப்போய் ஊற்ற வேண்டாம். மாலை ஆறு மணிக்கு நிமிர்ந்துவிட்டால் அது வெயிலுக்காகத் தொங்கியது. காலையிலும் தொங்கினால்தான் யோசிக்க வேண்டும்.

பாத்தியில் மண்ணே தெரியாதபடி வாழைச்சருகோ வைக்கோலோ மூன்று விரல் கனத்துக்குப் பரப்புங்கள். நம் பக்கம் வாழைச்சருகுக்கா பஞ்சம்? தண்ணீர் ஊற்றும் தேவை நன்றாகக் குறையும், களையும் குறையும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்து மண்மேல் வெள்ளையாகப் பூத்தால், அரிசி, காய் கழுவிய தண்ணீரையும் மழைத்தண்ணீரையும் சேர்த்து வைத்து மாற்றி மாற்றி ஊற்றுங்கள்.

ஆறாவது படி: பந்தலும் பூவும்

கொடி போடுகிறவர்கள் விதை ஊன்றும் அன்றைக்கே உடைமரக் கம்பு நட்டுப் பனைநாரால் பந்தல் கட்டிவிட வேண்டும். கொடி வளர்ந்த பிறகு கம்பு ஊன்றினால் வேர் அறுபடும்.

பீர்க்கு பூவாகப் பூத்துக் கொட்டுகிறது, காய் பிடிக்கவில்லை என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, கொட்டத்தான் செய்யும். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பெண் பூ வரும், அதன் அடியில் விரல் அளவில் ஒரு பிஞ்சு இருக்கும். பீர்க்கும் சுரையும் பொழுது சாயும் நேரத்தில்தான் பூ விரிக்கும். அந்த நேரம் ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் உள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். மூன்று நாளில் பிஞ்சு பளபளப்பாகி நீள ஆரம்பித்தால் பிடித்துவிட்டது. பாகலுக்கும் பூசணிக்கும் இதையே காலையில் செய்ய வேண்டும்.

ஏழாவது படி: பூச்சி

தினமும் ஐந்து நிமிடம் இலையைத் திருப்பிப் பார்த்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி தெரிந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். எண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலில் முதலில் அடித்துக் கலக்கிவிட்டு அப்புறம் தண்ணீர் சேருங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி அடித்து, வாரம் ஒருமுறை திரும்ப அடியுங்கள்.

கத்தரியில் எல்லா இலையும் நன்றாக இருக்க, ஒரு குருத்து மட்டும் வாடித் தொங்கும். அதை இரண்டு அங்குலம் கீழே வெட்டி, தண்டை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு சின்னப் புழு நெளியும். அதே புழுதான் பின்னால் காயைத் துளைக்கிறது. வாடிய குருத்தையும் சொத்தைக் காயையும் பார்த்த அன்றைக்கே வெட்டி சோப்புத் தண்ணீரில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். வெண்டையில் இலை நரம்பெல்லாம் மஞ்சள் வலை மாதிரி தெரிந்தால் தேமல் நோய், வைத்தியம் கிடையாது, வெள்ளை ஈ அதைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோகும். மனசு வராது, ஆனாலும் பிடுங்கிவிடுங்கள்.

எட்டாவது படி: பறிப்பதும் விதை எடுப்பதும்

வெண்டையை இரண்டு நாளுக்கு மேல் விடாதீர்கள். நுனியை ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும். முற்றிய காய் செடியில் நின்றால் அடுத்த பூ குறையும்.

விதைக்கு மட்டும், நோய் வராமல் நன்றாகக் காய்த்த ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து அதில் இரண்டு காயைப் பறிக்காமல் சிவப்புத் துணி கட்டி விடுங்கள். வீட்டில் மற்றவர்கள் தெரியாமல் பறித்துவிடாமல் இருக்க அந்தத் துணி. செடியிலேயே காய்ந்து வெடிக்கும் பதத்தில் எடுத்து, விதையை நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, அடுப்புச் சாம்பலில் புரட்டி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடுங்கள். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரக விதையில் வந்த செடி என்றால் அடுத்த தடவை அதே மாதிரி காய்க்காது, அதற்குத்தான் ஆரம்பத்திலேயே நாட்டு விதை வாங்கச் சொல்வேன். பாட்டிலின் மேல் காயின் பெயரோடு எடுத்த மாதத்தையும் எழுதி ஒட்டிவிடுங்கள், ஒரு வருடத்துக்கு மேல் ஆனால் முளைப்பு குறைந்துகொண்டே போகும்.