டேக்கை மாற்றும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் உட்கார்ந்து பாட்டு கேட்பதில் ஆர்வம் கூடக்கூட, ஒரு கட்டத்தில் எல்லோருக்கும் இந்த எண்ணம் வரும்: ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, ஆம்ப்ளிஃபயரும் பரவாயில்லை, டேக்கை மட்டும் மாற்றிவிட்டால் போதும். கோப்பில் எண்களாகக் கிடக்கும் இசையை மின் அலையாக மாற்றித் தருவதுதான் டேக்கின் (DAC, டிஜிட்டல்-டு-அனலாக் கன்வர்ட்டர்) வேலை. கைபேசி, லேப்டாப், டிவி எல்லாவற்றுக்குள்ளும் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பலர் தனியாகவும் ஒன்று வாங்கி வைத்திருப்பார்கள். அதைவிட மேலான ஒன்றுக்குப் போவதில் தப்பே இல்லை. ஆனால் பணத்தை விட்டவர்கள் பெரும்பாலும் நல்ல டேக்கைத்தான் வாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு இருந்த குறை வேறு எங்கோ இருந்தது.

குறை எங்கே என்று பார்க்காமல் வாங்குவது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். "சத்தம் தெளிவாக இல்லை" என்று மட்டும் சொல்லிக்கொண்டு கடைக்குப் போனால், எந்தப் பெட்டி நல்ல பெட்டி என்று யார் சொன்னாலும் நம்பத் தோன்றும். என்ன குறை என்பதை ஒரு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்.

பேஸ் குமுறுகிறது, சில நோட்டுகள் மட்டும் முழங்குகின்றன என்றால் அது அறையின் வேலை. 4 மீட்டர் நீளமுள்ள அறையில் சுமார் 43 ஹெர்ட்ஸில் ஒலி சுவருக்குச் சுவர் மோதி நிலைத்து நிற்கும். உட்காரும் இடத்தைப் பொறுத்து அந்த நோட்டு 10 டெசிபல் ஏறியும் கேட்கலாம், காணாமலும் போகலாம். எந்த டேக்கும் இதைத் தொட முடியாது. நாற்காலியை அரை மீட்டர் நகர்த்துவது, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பது, ஒரு அளவீட்டு மைக்கும் இலவசமாகக் கிடைக்கும் 'ரூம் ஈக்யூ விசார்ட்' மென்பொருளும் வைத்து அளந்து, ஒலியின் பகுதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் சரிசெய்வது ஆகியவைதான் வழி. இதில் கிடைக்கும் மாற்றத்துக்குப் பக்கத்தில் டேக் மாற்றுவதால் கிடைப்பது ஒன்றுமே இல்லை என்று தயங்காமல் சொல்வேன்.

ஹெட்போனில் சத்தம் போதவில்லை என்றால் அது ஆம்ப்ளிஃபயர் குறை. சென்ஹைசர் எச்டி 600-ஐ எடுத்துக்கொள்வோம். 300 ஓம் மின்தடை கொண்டது. ஒரு வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல் சத்தம் தரும். மெதுவாகத் தொடங்கி உச்சத்துக்குப் போகும் ஒரு ஆர்கெஸ்ட்ரா பதிவில் அந்த உச்சம் 110 டெசிபலைத் தொட வேண்டுமானால் சுமார் 4.5 வோல்ட் வேண்டும். ஒரு வோல்ட் அளவில் நின்றுவிடும், கைபேசியில் மாட்டும் சின்ன ஹெட்போன் அடாப்டரால் இது முடியாது. அதற்குள்ளே இருக்கும் டேக் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரி, தள்ளும் பலம் இல்லை. இப்படிப்பட்டவருக்குத் தேவை நல்ல ஹெட்போன் ஆம்ப்.

அடுத்தது 'ம்ம்ம்' என்ற இரைச்சல். இது கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டிய விஷயம். ஏனென்றால் இதற்காகவே நல்ல டேக்கைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

லேப்டாப்பும் ஆம்ப்ளிஃபயரும் தனித்தனி பிளக்குகளில் எர்த் இணைப்போடு இருக்கின்றன. நடுவில் லேப்டாப்பிலிருந்து டேக்குக்குப் போகும் யுஎஸ்பி கேபிளும், டேக்கிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஆர்சிஏ கேபிளும் அவற்றை இன்னொரு முறை இணைக்கின்றன. இப்போது எர்த் பாதை ஒரு வளையமாகிவிட்டது. அந்த வளையத்தில் ஓடும் சின்ன மின்னோட்டம் ஒலியில் கலந்து, அந்தந்த நாட்டு மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் கேட்கும். மவுஸை நகர்த்தும்போது கீச்சென்று ஒரு சத்தம் வந்தால் அதுவும் பெரும்பாலும் இதே பாதையில்தான் வருகிறது. கண்டுபிடிப்பது சுலபம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பை பேட்டரியில் ஓட விடுங்கள். இரைச்சல் நின்றால் டேக் குற்றவாளி இல்லை. ஆப்டிகல் கேபிளில் கொடுத்துப் பாருங்கள். அதில் போவது ஒளி மட்டுமே என்பதால் வளையம் அங்கேயே அறுந்துவிடும். லேப்டாப்பில் ஆப்டிகல் இல்லையென்றால் மின் தொடர்பை நடுவில் அறுக்கும் யுஎஸ்பி ஐசொலேட்டர் இருக்கிறது, இரு பக்கமும் பேலன்ஸ்டு வசதி (சிக்னலை இரண்டு எதிரெதிர் கம்பிகளில் அனுப்புவது) இருந்தால் எக்ஸ்எல்ஆர் கேபிளும் உதவும். ஆனால் ஒன்று: பிளக்கின் எர்த் பின்னை உடைத்து இரைச்சலை நிறுத்தும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது உயிருக்கு ஆபத்து.

எண்களைக் காதோடு சேர்த்துப் பார்க்காதது

டேக் விற்பனையில் இப்போது எல்லோரும் பார்ப்பது சைனாட் என்ற எண். சிக்னலுக்கும், அதோடு சேர்ந்து வரும் இரைச்சல், சிதைவு ஆகியவற்றின் கூட்டுக்கும் உள்ள இடைவெளி அது. 100 டெசிபல் என்றால் குப்பை லட்சத்தில் ஒரு பங்கு. 120 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 100-லிருந்து 120-க்குப் போவது பொறியியலில் பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. காதுக்கு அது என்ன ஆகும்? அமைதியான அறையிலேயே சுமார் 30 டெசிபல் பின்னணி ஓசை இருக்கும். உச்சத்தில் 95 டெசிபல் போகும்படி நீங்கள் கேட்டால், 100 டெசிபல் சைனாட் உள்ள டேக்கின் குப்பை, கேட்கும் திறனின் எல்லைக்கும் 5 டெசிபல் கீழே கிடக்கும். அறையின் ஓசைக்கு அடியில் அது முற்றிலும் புதைந்துவிடும். ஸ்பீக்கரோ, பேஸ் பகுதியில் ஒரு சதவீதம் சிதைவு தருவதே சகஜம்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். மிக உணர்திறன் கூடிய இன்-இயர் போன்களில் பாட்டு ஓடாதபோதே 'ஸ்ஸ்ஸ்' என்று கேட்கும். அங்கே பார்க்க வேண்டியது சைனாட் இல்லை, மைக்ரோவோல்ட்டில் தரப்படும் வெளியீட்டு இரைச்சல். ஒரு வோல்ட்டுக்கு 130 டெசிபல் தரும் போனில் 20 மைக்ரோவோல்ட் இரைச்சல் 36 டெசிபலாகக் கேட்கும். 2 மைக்ரோவோல்ட் என்றால் 16 டெசிபல், அவ்வளவுதான், காதில் விழாது. அதே போன்களுக்கு வெளியீட்டு மின்தடையும் முக்கியம். போனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. 16 ஓம் போனுக்கு 2 ஓம். இந்த இரண்டும் சரியில்லாத பெட்டியை மாற்றுவது நியாயமான மாற்றம், வித்தியாசம் உடனே தெரியும்.

சிப்பின் பெயரையும் முத்திரையையும் நம்புவது

டேக்குக்குள் இருக்கும் சிப்பைச் செய்யும் இரண்டு நிறுவனங்களை வைத்து, "ஈஎஸ்எஸ் சிப் கூர்மையாக இருக்கும், ஏகேஎம் மென்மையாக இருக்கும்" என்று சொல்வார்கள். 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபேயோகாவில் ஏகேஎம் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்தது. சிப் கிடைக்காமல் பல நிறுவனங்கள் வேறு சிப்புக்கு மாறின. ஆர்எம்இ நிறுவனம் தன் ஏடிஐ-2 டேக்கை ஈஎஸ்எஸ் சிப்போடு மறுவடிவமைத்து அதே வரிசையில் தொடர்ந்து விற்றது. சிப்புக்குப் பிறகு வரும் அனலாக் பகுதி, மின்வழங்கி, கடிகாரம், வடிப்பான் எல்லாம் சேர்ந்துதான் ஒரு டேக். சிப்பின் பெயரை வைத்து ஒலியை யூகிப்பது, மாவை மட்டும் பார்த்து தோசையின் ருசியைச் சொல்வது போல.

மின்தடைகளை ஏணி போல அடுக்கிச் செய்யும் ஆர்-2ஆர் வகை டேக்குகளில் ஓவர்சாம்பிளிங் (எண்களுக்கு நடுவே கூடுதல் எண்களைக் கணக்கிட்டு நிரப்புவது) இல்லாமல் ஓடும் முறை ஒன்று உண்டு. அதில் 44.1 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக்கிய) பாட்டை ஓடவிட்டால் 20 கிலோஹெர்ட்ஸில் சுமார் 3 டெசிபல் இறங்கிவிடும். "இதமாக இருக்கிறது" என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பிடித்திருந்தால் தாராளமாகக் கேளுங்கள். ஈக்வலைசரிலும் இதைச் செய்யலாம் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

முத்திரைகளின் கதி இன்னும் மோசம். 2014-ல் எம்க்யூஏ என்ற ஒலிக் கோப்பு முறை வந்தபோது அந்த முத்திரை இல்லாத டேக் பழையது என்ற பேச்சு கிளம்பியது. 2023-ல் அந்த நிறுவனமே திவால் நிர்வாகத்துக்குப் போய் கைமாறியது. 2024 ஜூலையில் டைடல் என்ற பாட்டு ஸ்ட்ரீமிங் சேவை எம்க்யூஏவைக் கைவிட்டது. அதற்காகவே கூடுதலாகப் பணம் கொடுத்தவர்களிடம் இப்போது மிஞ்சியிருப்பது எம்க்யூஏ ஓடுவதைக் காட்டும் ஒரு சின்ன விளக்கு.

768 கிலோஹெர்ட்ஸ், 32 பிட் என்ற பெரிய எண்களும் இப்படித்தான். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்ற சிடி தரமே மனிதக் காதின் 20 கிலோஹெர்ட்ஸ் எல்லையையும் சுமார் 96 டெசிபல் வீச்சையும் தந்துவிடுகிறது. 2007-ல் மேயரும் மோரனும் வெளியிட்ட ஆய்வில், உயர் தர ஒலிக்கும் அதையே சிடி தரத்துக்கு இறக்கியதற்கும் வித்தியாசம் கேட்கச் சொன்னார்கள். 554 முயற்சிகளில் 276 சரி. காசைச் சுண்டிப் போட்டாலும் ஏறக்குறைய அதே எண்தான் வரும். 2016-ல் ரைஸ் என்ற ஆய்வாளர் இதே போன்ற பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது 52.3 சதவீதம் சரியாக வந்தது. ஏதோ கொஞ்சம் இருக்கலாம், ஆனால் மிகக் கொஞ்சம். பெரிய எண்ணுள்ள டேக் வாங்கியவர்கள் பலர் இன்னொன்றையும் கவனிப்பதில்லை: விண்டோஸ் தன் மிக்சரில் எல்லாவற்றையும் ஒரே கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு மாற்றித்தான் அனுப்புகிறது. டேக்கின் திரையில் எந்தப் பாட்டுக்கும் 48 என்றே காட்டினால் இதுதான் விஷயம். பிளேயரில், மிக்சரைத் தாண்டி நேராக அனுப்பும் எக்ஸ்க்ளூசிவ் முறையைப் போட்டுவிட்டால் சரியாகிவிடும், செலவே இல்லை.

சத்தத்தைச் சமன் செய்யாமல் ஒப்பிடுவது

புதிய டேக்கை மாட்டியதும் "ஆகா, திரை விலகியது போல இருக்கிறது" என்று தோன்றும். அந்த உணர்வு பொய் இல்லை, உண்மையாகவே அப்படித்தான் கேட்கிறது. ஆனால் காரணம் பல நேரம் வோல்ட்டேஜ். பழைய டேக் 2 வோல்ட் தருகிறது, புதியது 2.5 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது கிட்டத்தட்ட 1.9 டெசிபல் கூடுதல். இந்த அளவில் நம் காது 'சத்தம் கூடியிருக்கிறது' என்று சொல்லாது. 'தெளிவு கூடியிருக்கிறது, பேஸ் கெட்டியாகியிருக்கிறது' என்றுதான் சொல்லும். சத்தம் ஏற ஏற காது பேஸை ஒப்பீட்டளவில் நன்றாகக் கேட்கும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆர்சிஏவிலிருந்து எக்ஸ்எல்ஆருக்கு மாறியவர்கள் சொல்லும் அதிசயமும் பெரும்பாலும் இதுதான். பொதுவாக ஆர்சிஏவில் 2 வோல்ட், எக்ஸ்எல்ஆரில் 4 வோல்ட். 6 டெசிபல் வித்தியாசத்தில் எது ஜெயிக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

சமன் செய்ய ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். 100 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒன்றை ஓட விடுங்கள். விலை குறைந்த மீட்டர்கள் உயர் அதிர்வெண்ணில் தப்பாகக் காட்டும், அதனால்தான் 100. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஆர்சிஏ முனையின் நடு ஊசியிலும் வெளி வளையத்திலும் தொடுங்கள், இரண்டும் ஒன்றோடொன்று உரசாமல். பழைய டேக்கில் 2.00 என்று வந்தால், புதியதன் வால்யூமைக் குறைத்து அதே 2.00-க்குக் கொண்டு வாருங்கள். 0.02 வோல்ட் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை, அது 0.1 டெசிபல்தான். வால்யூம் வசதி இல்லாத டேக் என்றால் பிளேயரில் குறைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒருவர் கண்ணுக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிப் போட, நீங்கள் எது எது என்று சொல்ல வேண்டும். நன்றாகப் பழகிய பாட்டில் இருபது வினாடித் துண்டு ஒன்று போதும். நீளமான துண்டுகளில் நினைவு ஏமாற்றிவிடும். 16 முறையில் 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் வித்தியாசம் உங்களுக்கு உண்மையாகவே கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எட்டு, ஒன்பது என்று வந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் முடிவெடுங்கள். இதனால்தான் பழையதை விற்றுவிட்டுப் புதியதை வாங்கக் கூடாது. இரண்டும் ஒரே மேஜையில் இருக்கும் அந்த ஒரு வாரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே நேர்மையான சாட்சி.

எதனோடு இணைக்கப் போகிறோம் என்பதை மறப்பது

வாங்கி வந்த பிறகு தலையில் கை வைக்க வைக்கும் தவறுகள் இங்கேதான். டிவியை ஆப்டிகலில் இணைத்தால் சத்தமே வரவில்லை என்பார்கள். டிவி டால்பி டிஜிட்டலாக அனுப்பிக்கொண்டிருக்கும், ஸ்டீரியோ டேக்குக்கு அது புரியாது. டிவி அமைப்பில் பிசிஎம் (சுருக்காத சாதாரண ஒலி) என்று மாற்றினால் பேசத் தொடங்கிவிடும். டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே வாங்கிக்கொள்ளும் எச்டிஎம்ஐ ஏஆர்சி பெரும்பாலான டேக்குகளில் இருக்காது. டிவி ரிமோட்டிலேயே வால்யூம் வைக்க வேண்டும் என்பவர் அது உள்ளதைத் தேடி வாங்க வேண்டும். பழைய ஆம்ப்ளிஃபயர் சிலவற்றின் உள்ளீடு 2 வோல்ட்டைத் தாங்காமல் பிசிறடிக்கும். பவர் ஆம்புக்கு நேராகக் கொடுக்க நினைப்பவர், டேக்கில் வால்யூம் இருக்கிறதா, மின்சாரம் போய் வந்தால் அது முழு அளவுக்குத் தாவாமல் பழைய அளவிலேயே நிற்குமா என்று பார்க்காமல் வாங்கவே கூடாது. ஸ்பீக்கரில் உயர் ஒலி தரும் ட்வீட்டர் ஒரே நொடியில் போய்விடும்.

என்னைக் கேட்டால், கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்தவை இவைதான்: விரலுக்கு இதமான வால்யூம் குமிழ், ரிமோட், வேண்டிய எல்லா உள்ளீடுகளும், உள்ளேயே ஒரு பாராமெட்ரிக் ஈக்வலைசர் (எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு அகலத்தில், எவ்வளவு ஏற்றி இறக்குவது என்று நாமே வைக்கும் வகை), போதிய பலமுள்ள ஹெட்போன் வெளியீடு. கடைசி இரண்டும் உள்ள டேக் கிடைத்தால், சைனாட் பட்டியலில் அது இருபது இடம் கீழே இருந்தாலும் அதையே எடுங்கள்.