பழைய மோட்டார் சைக்கிளின் காபரேற்றர்: கம்பியை எடுப்பதற்கு முன்

சென்ற மாதம் மாங்குளத்தில், பழைய ஹொண்டா எம்.டி. 90 ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர், பிரேக் கேபிளின் இழையொன்றைக் குறட்டினால் நறுக்கி, பெற்றோலையும் காற்றையும் கலந்து இயந்திரத்துக்குத் தரும் காபரேற்றரின் ஜெற்றுக்குள் செருகி, முன்னும் பின்னுமாக இழுத்துக்கொண்டிருந்தார். பிறகு ஜெற்றை வெயிலுக்கு நேரே பிடித்து, "வடிவாக் கிளீன் ஆயிட்டுது அண்ணை" என்றார். துளையில் வெளிச்சம் நன்றாகவே தெரிந்தது. தெரிய வேண்டிய அளவைவிடக் கூடுதலாகவே தெரிந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் நானும் இதையேதான் செய்தேன். காபரேற்றரில் கைவைப்போர் செய்யும் இத்தகைய தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். பெற்றோலை அடைக்காமல் காபரேற்றரைக் கழற்றுவது போன்ற தவறுகளை எவரும் ஒரே தடவையில் கற்றுக்கொள்வதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஜெற்றுக்குள் கம்பி விடுதல்

ஜெற் என்பது பெற்றோலை அளந்து விடுவதற்காக அளவெடுத்துத் துளையிடப்பட்ட சிறிய பித்தளைத் திருகு. பித்தளை மென்மையானது, கேபிள் இழை உருக்கு. ஜப்பானியக் காபரேற்றர் நிறுவனமான கெய்ஹினின் மெயின் ஜெற்றில், அதாவது வேகமாக ஓடும்போது பெற்றோல் விடும் ஜெற்றில், 95 என்று பொறித்திருந்தால் அதன் துளை ஏறத்தாழ 0.95 மில்லிமீற்றர். கம்பி உரசி அது 0.05 மில்லிமீற்றர் அகன்றால், அதாவது ஏறக்குறைய ஒரு தலைமயிரின் தடிப்பளவு கூடினால், துளையின் பரப்பு 11 சதவீதம் கூடிவிடும். வண்டி நின்ற நிலையில் இயங்கும்போது பெற்றோல் விடும் ஸ்லோ ஜெற்றின் நிலைமை இன்னும் மோசம்: 0.38 மில்லிமீற்றர்த் துளை 0.43 ஆனால் பரப்பு 28 சதவீதம் கூடும்.

போரின்போது பொருளாதாரத் தடை இருந்த 1990களில், வட இலங்கையின் வன்னியில் பெற்றோல் அரிய பொருள். சூப்பிப் போத்தலால் சில துளி பெற்றோலைப் பீச்சி இயந்திரத்தை இயக்கிவிட்டு, மண்ணெண்ணெயில் ஓடினோம். 2002இல் யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ-9 வீதி திறந்து பெற்றோல் தாராளமாக வந்தபோது, என்னுடைய ஹொண்டாவின் காபரேற்றருக்குள் பழுப்பு நிறப் படிவு பசைபோல இறுகிக் கிடந்தது. அதை ஊறவைக்கப் பொறுமையின்றிக் கேபிள் இழையால் குத்தினேன். வண்டி உடனே இயங்கியது. அந்த மகிழ்ச்சிதான் என்னைக் கெடுத்தது. அன்று தொடக்கம் கரும்புகை வந்தது, பிளக் கரி பிடித்தது, பெற்றோல் தண்ணீராய்ப் போனது. புதிய பிளக் போட்டேன், கொயில் மாற்றினேன், இறுதியில் சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து பிஸ்டனும் ரிங்கும் மாற்றினேன். பெற்றோல் அளவைக் குறைக்க, காபரேற்றருக்குள் இருக்கும் ஊசியின் கிளிப்பை மேல் வெட்டுக்கு ஏற்றிப் பார்த்ததும் பயனளிக்கவில்லை. பல மாதங்களின் பின், புதிய ஜெற் ஒன்றை வாங்கிப் பழையதின் அருகே ஒளிக்கு எதிரே பிடித்தபோதுதான் என் ஜெற்றின் துளை வட்டமாகவே இல்லை என்பது தெரிந்தது. மெயின் ஜெற்றை மாற்றினேன். ஆனால் அந்தக் காபரேற்றரின் ஸ்லோ ஜெற் உடலோடு இறுக்கிப் பதிக்கப்பட்ட வகை என்பதால், முழுக் காபரேற்றரையும் தேடி வாங்க நேர்ந்தது.

இன்றும் என்னை எரிச்சலூட்டுவது செலவல்ல. இவ்வாறு குத்தப்பட்ட ஜெற்றுகள் கைமாறிக் கைமாறிப் பழைய வண்டிகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றில் பொறித்த எண் பொய் சொல்கிறது. வண்டி புகைக்கிறது என்று 95ஐக் கழற்றி 92 தேடுபவர், தன் கையிலிருப்பது உண்மையில் 100 ஆகிவிட்டதை அறியமாட்டார். ஆகவே ஜெற் மாற்றத் தொடங்கும்போது, வண்டிக்கு உரிய எண்ணில் நம்பகமான புதிய ஜெற் ஒன்றைப் போட்டு, அங்கிருந்து கணக்கிடுங்கள்.

அடைப்பை நீக்க, ஜெற்றைக் காபரேற்றர் கிளீனரில் ஓர் இரவு ஊறவைத்து, காற்றழுத்தத்தால் ஊதினால் பெரும்பாலும் போதும். அதற்கும் அசையாவிட்டால், முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக்குப் பயன்படும் மெல்லிய தங்கூசியை, அதாவது நைலோன் இழையை, செலுத்துங்கள். அது பித்தளையைத் தேய்க்காது.

எல்லாப் பழியையும் மெயின் ஜெற்றின் மேல் போடுதல்

மெயின் ஜெற்றின் ஆட்சி, அக்சிலேற்றரை முக்கால்வாசிக்கு மேல் திறந்த பின்னரே முழுமை பெறும். நடுப்பகுதி ஊசிக்கு உரியது. வண்டி நின்ற நிலையில் இயங்குவது ஸ்லோ ஜெற்றுக்கும், காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகான எயார் ஸ்குரூவுக்கும் உரியது. சந்தியில் நிறுத்தும்போது அணைந்துபோகும் வண்டிக்கு மெயின் ஜெற் மாற்றுவது, பல்வலிக்குக் காலில் மருந்து கட்டுவதுபோல. வால்வு இடைவெளி, பிளக்கின் தீப்பொறியைத் தூண்டும் பொயின்ற் முனைகளின் இடைவெளி, காபரேற்றரை இயந்திரத்தோடு இணைக்கும் இடத்தில் காற்றுக் கசிவு ஆகிய மூன்றையும் பார்க்காமல் எந்த ஜெற்றையும் தொடாதீர்கள்.

கெய்ஹின் எண்ணையும் மிகுனி எண்ணையும் ஒன்றென நினைத்தல்

மிகுனியும் காபரேற்றர் செய்யும் நிறுவனமே, ஆனால் எண்கள் ஒன்றல்ல.

எயார் ஸ்குரூவை எண்ணாமல் கழற்றுதல்

முதலில் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எழுதிவைத்த பின்னரே வெளியே எடுங்கள். இறுக்கினால் கூர்முனை உடலில் முறிந்து நிற்கும்.

றப்பர் வளையங்களைத் தின்னரில் போடுதல்

ஊதிப் பெருக்கும், திரும்பப் பொருந்தாது.

ஃபில்டர் இல்லாமல் ஓடுதல்

"காத்து நல்லா இழுக்கும்" என்று ஃபில்டரைக் கழற்றிவிடுகிறார்கள். காற்றுத் தடை குறைந்து, கலவையில் பெற்றோலின் பங்கு குறைய, இயந்திரம் சூடேறும். போதாக்குறைக்கு நம் கிரவல் வீதிகளின் புழுதி நேரே சிலிண்டருக்குள் போகும்.

பெற்றோல் தாங்கியை மறத்தல்

மாங்குளத்து இளைஞர் என் சொற்படி இரண்டு ஜெற்றுகளையும் புதிதாக வாங்கிப் போட்டார். நான்காம் நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். காபரேற்றரின் அடியில் பெற்றோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தைத் திறந்தோம். அடியில் செம்மண்போலத் துரு படிந்திருந்தது. தாங்கியிலிருந்து கண்ணாடிப் போத்தலுக்குள் வடித்த பெற்றோல் பிளேன்ரீயின் நிறத்தில் இருந்தது. அவர் கை தன்னையறியாமல் சட்டைப்பைக்குள் போயிற்று. அந்தக் கேபிள் இழை இன்னும் அங்கேதான் இருந்தது.

"அதை என்னட்டத் தா தம்பி," என்றேன். "முதல்ல தாங்கியைக் கழுவுவம்."