சிங்கப்பூருக்குப் படிக்க வருகிறவர்களுக்கு: பாஸ்போர்ட் பெயரில் தொடங்கி வாடகை அறை வரை

சென்ற வாரம் திருச்சியிலிருந்து சித்தப்பா மகள் கூப்பிட்டாள். முதுகலைக்கு இங்கே இடம் கிடைத்துவிட்டது, ஆகஸ்ட்டில் வகுப்பு. "அக்கா, அடுத்து என்னென்ன செய்யணும், வரிசையாச் சொல்லு" என்றாள். சொல்லி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று, அதில் பாதி நேரம் பெயரைப் பற்றியே பேசினேன். இரண்டு வருடத்துக்கு முன் நான் மாட்டிக்கொண்டது அங்கேதான். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதிவைக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் நல்லது, எப்படி விண்ணப்பிப்பது என்பதற்குள் போகவில்லை. கையில் சேர்க்கைக் கடிதம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: பெயர்

பாஸ்போர்ட்டை எடுத்து முன்னால் வையுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் பெயருக்கு இரண்டு வரி இருக்கும், மேலே குடும்பப் பெயர், கீழே நமக்கு இட்ட பெயர். நம் ஆட்கள் பலருக்கு மேல் வரி காலியாக இருக்கும், ஏனென்றால் நமக்கு இனிஷியல்தான் வழக்கம். சிலருக்கு அப்பா பெயர் மேல் வரியில் இருக்கும், இன்னும் சிலருக்கு இரண்டு பெயரும் கீழ் வரியிலேயே சேர்ந்து கிடக்கும். உங்களுடையது எந்த வகை என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது காலி வகை. விண்ணப்பித்தபோது இணையப் படிவம் குடும்பப் பெயர் போடாமல் அடுத்த பக்கத்துக்கு விடவில்லை, நான் யோசிக்காமல் அப்பா பெயரைப் போட்டுவிட்டேன். சேர்க்கைக் கடிதம் என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து வந்தது. அப்பாவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகுதான் சிக்கல். மாணவர் அனுமதிக்கு நாமாக நேரே விண்ணப்பிக்க முடியாது. முதலில் கல்விக்கூடம் நம்மைக் குடிநுழைவு ஆணையத்தின், அதாவது ஐசிஏவின், சோலார் என்ற மாணவர் அனுமதி விண்ணப்பத் தளத்தில் பதிய வேண்டும். பதிந்ததும் ஓர் எண் வரும், அதை வைத்து நாம் உள்ளே போய் 16ஆம் எண் மின்படிவத்தை நிரப்ப வேண்டும். கல்விக்கூடம் பதிந்த விவரமும் நாம் தட்டும் விவரமும் ஒத்துப்போனால்தான் தளம் கதவைத் திறக்கும். நான் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒற்றைப் பெயரைத் தட்டினேன், அவர்களோ என் விண்ணப்பத்தில் இருந்தபடி இரண்டு பெயரைப் பதிந்திருந்தார்கள். எண் சரி, பிறந்த தேதி சரி, ஆனால் அப்படி ஒரு பதிவே இல்லை என்று தளம் சொல்லிக்கொண்டே இருந்தது. மூன்று நாள் உலாவியை மாற்றினேன், கணினியை மாற்றினேன், பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டருக்குக்கூடப் போய்ப் பார்த்தேன். நாலாம் நாள்தான் பெயர்மீது சந்தேகம் வந்தது. சேர்க்கை அலுவலகத்துக்குப் பாஸ்போர்ட் நகலோடு எழுதி, அவர்கள் திருத்திப் புதிதாகப் பதிந்து கொடுக்க, மொத்தம் எட்டு நாள் போயிற்று. விமான டிக்கெட் எடுக்கலாமா வேண்டாமா என்று வீடே தவித்த எட்டு நாள் அது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: சேர்க்கையை ஏற்கும்போதே அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். "என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் வரி காலி, சோலாரில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதியுங்கள், நகல் இணைத்திருக்கிறேன்" என்று மூன்று வரி போதும். எழுத்துக்கூட்டலையும் பாருங்கள். நம் 'ழ'வை ஒருவர் இசட்-எச் என்று எழுதுவார், இன்னொருவர் எல் என்று எழுதுவார், மதிப்பெண் பட்டியலில் ஒன்றும் பாஸ்போர்ட்டில் ஒன்றுமாக இருக்கும். இங்கே எல்லாவற்றுக்கும் மூலம் பாஸ்போர்ட்தான். ஐசிஏவில் ஏறும் பெயர்தான் பிறகு சிங்பாஸிலும் (இந்நாட்டு அரசாங்கத்தின் மின்னடையாளக் கணக்கு) வங்கிக் கணக்கிலும் வந்து நிற்கும்.

பாஸ்போர்ட்டையே மாற்றி அப்பா பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நேரம் இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே, ஊரிலேயே மாற்றிவிடுங்கள். நடுவில் மாற்றினால் பாஸ்போர்ட் எண்ணும் மாறும், ஏற்கெனவே கொடுத்த இடத்திலெல்லாம் அதைத் திருத்த அலைய வேண்டும்.

படி 2: அனுமதி, ஐபிஏ கடிதம்

இது சுலபம். படிவத்தை நிரப்பிக் கட்டணம் கட்டினால், ஒப்புதல் வந்ததும் ஐபிஏ கடிதம், அதாவது கொள்கையளவில் ஒப்புதல் தரும் கடிதம், வரும். இந்தியர்களுக்கு நுழைவு விசாவும் அதுவே, அச்சிட்டு இரண்டு நகல் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். பரிசீலனைக் கட்டணம் தனி, அது திரும்பி வராது. அனுமதி வழங்க 60 வெள்ளி, பலமுறை வந்துபோகும் விசாவுக்கு 30 வெள்ளி. (இங்கே டாலரை வெள்ளி என்றுதான் சொல்வோம், வந்த ஒரு வாரத்தில் உங்களுக்கும் பழகிவிடும்.)

கடிதத்தில் மருத்துவப் பரிசோதனை கேட்டிருந்தால் அது எச்ஐவி ரத்தப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும்தான். கல்விக்கூடமே ஏற்பாடு செய்தால் இங்கே வந்து எடுப்பதையே நான் சொல்வேன், படிவத்தில் ஏதாவது விட்டுப்போனால் உடனே சரிசெய்யலாம்.

படி 3: பெட்டி கட்டுவது

ஒன்றே ஒன்று, தயவுசெய்து கேளுங்கள். கசகசா கொண்டுவராதீர்கள். சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட பொருள், போதைப்பொருள் சட்டத்தோடு சம்பந்தப்பட்டது. அம்மா அரைத்துக் கொடுக்கும் குருமாப் பொடியில் கலந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். மின்சிகரெட்டும் கூடாது, சூயிங்கம்மும் கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை போன்றவற்றுக்கு முன்னனுமதி தேவைப்படலாம், மருந்துச் சீட்டோடு முன்கூட்டியே விசாரியுங்கள்.

மிளகாய்த்தூள், புளி, அரிசி இதெல்லாம் சுமக்கவே வேண்டாம். லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தையிலும் முஸ்தஃபா கடையிலும் எல்லாம் கிடைக்கும். அந்த எடையில் புத்தகமோ போர்வையோ வையுங்கள். இங்கே பிளக் மூன்று செவ்வக முள் உள்ளது, அடாப்டர் இரண்டு எடுத்துவந்தால் முதல் இரவே ஃபோன் சார்ஜ் போடலாம்.

வருகை அட்டையை, வந்து இறங்கும் முன்பே, வந்து சேரும் நாளையும் சேர்த்துக் கடைசி மூன்று நாளுக்குள் ஐசிஏ தளத்தில் நிரப்புங்கள். அது இலவசம். கார்டு எண் கேட்கிற தளம் எதுவானாலும் போலி, மூடிவிடுங்கள்.

படி 4: வந்த முதல் வாரம்

வரிசை முக்கியம்: அனுமதி, சிங்பாஸ், வங்கி. இதை மாற்றிச் செய்யப்போனால் ஒவ்வொரு கவுன்டரிலும் இன்னொன்றைக் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

மாணவர் அனுமதி இப்போது அட்டையாக வராது. 2023 பிப்ரவரி 27 முதல் எல்லாம் மின்வடிவம்தான், சிங்பாஸ் செயலியில் காட்டலாம். அதோடு வரும் ஃபின் எண்தான் இனி உங்கள் அடையாளம். அது கிடைத்ததும் சிங்பாஸ் பதியுங்கள். பிறகு வங்கி. சிங்பாஸ் வழியாகப் போனால் படிவத்தில் பாதி தானாக நிரம்பிவிடும். முதல் கணக்குக்கு நான் சொல்வது பிஓஎஸ்பி வங்கிதான், எங்கே போனாலும் அவர்கள் ஏடிஎம் கண்ணில் படும். குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள், மாணவர்களுக்குச் சலுகைக் கணக்கு இருக்கிறதா என்றும் கேளுங்கள். கணக்கு வந்த அன்றே ஃபோனிலேயே பணம் அனுப்பும் பேநவ் வசதியை (நம் யுபிஐ மாதிரி) இணைத்துவிடுங்கள், உணவங்காடியில் மூன்று வெள்ளி தோசைக்குக்கூட அதில் கட்டலாம்.

வீட்டிலிருந்து சின்னச் சின்னச் செலவுக்குப் பணம் வாங்க யுபிஐ–பேநவ் இணைப்பு இருக்கிறது, 2023 பிப்ரவரியில் தொடங்கியது. தொடங்கியபோதே இந்தியன் வங்கியும் ஐஓபியும் அதில் இருந்தன, நம் வீடுகளில் அநேகமாக இரண்டில் ஒன்றில் கணக்கு இருக்கும். இந்தியாவிலிருந்து அனுப்ப நாளுக்கு 60,000 ரூபாய் வரம்பு என்று அறிவித்தார்கள். கல்விக் கட்டணத்துக்கு இது ஆகாது, அதை வங்கி வழியாகவே அனுப்பச் சொல்லுங்கள்.

படி 5: அறை

விடுதி கிடைத்தால் முதல் வருடம் விடுதியிலேயே இருங்கள், அது என் உறுதியான கருத்து. கிடைக்காதவர்கள் பெரும்பாலும் வீவக வீட்டில், அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீட்டில், ஓர் அறைக்குத்தான் போவார்கள். வீவக வீட்டைக் குறைந்தது ஆறு மாதத்துக்குத்தான் வாடகைக்கு விட முடியும், தனியார் வீட்டுக்கு மூன்று மாதம். "ஒரு மாசம் இருந்து பாருங்க" என்று யாராவது சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

ஊரில் இருந்துகொண்டே, படத்தை மட்டும் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். என்னோடு படித்த ஒருவர் அப்படி அனுப்பிய ஒரு மாத வாடகை போனது போனதுதான். நடுவில் ஏஜென்ட் இருந்தால் அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு, சொத்து முகவர் மன்றமான சிஇஏவின் தளத்தில் தேடுங்கள். வீவக வாடகைப் பணத்தை ஏஜென்ட் கையில் வாங்கவே கூடாது என்பது விதி, பணம் வீட்டுக்காரருக்கு நேராகப் போக வேண்டும். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டிய ரசீதைக் கேளுங்கள். நாலு வருடத்துக்கு உட்பட்ட ஒப்பந்தம் என்றால் மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 900 வெள்ளி, ஒரு வருடம் என்றால் 43 வெள்ளிதான் ஆகும், ஆனால் அந்த ரசீது இல்லாத ஒப்பந்தத்தை ஒரு தகராறு வந்தால் ஆதாரமாகக் காட்ட முடியாது.

அப்புறம் சமையல். விளம்பரத்தில் "லைட் குக்கிங்" என்று போட்டிருப்பார்கள். எனக்கு அது கொஞ்சமாகச் சமைப்பது என்று பட்டது. குடிபோன இரண்டாம் நாள் ரசம் வைத்தேன். கடுகு வெடித்து, பெருங்காயமும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் விழுந்ததுதான் தாமதம், வீட்டுக்கார ஆன்ட்டி அறையிலிருந்து இருமிக்கொண்டே வந்தார், ஒன்றும் பேசாமல் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார், பால்கனியில் காய்ந்துகொண்டிருந்த துணியை எடுத்து உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். மறுநாள் உட்கார்ந்து பேசினோம். அவருக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் நூடுல்ஸ், முட்டை, சோறு, அவ்வளவுதான். எண்ணெய் காயவைக்கும் வேலையே அதில் கிடையாது. அவர்மேல் தப்பில்லை, நான்தான் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும். பேசி, ஞாயிறு காலை அவர் சந்தைக்குப் போகும் நேரத்தில் வாரத்துக்கான தாளிப்பை மொத்தமாகச் செய்துகொள்வது என்று முடிவாயிற்று. நீங்கள் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்: எண்ணெயில் தாளிக்கலாமா, வாரத்துக்கு எத்தனை முறை துணி துவைக்கலாம், ஏர்கான் கட்டணம் வாடகையில் சேர்த்தியா.

குடிபோன அன்றே சுவர், மெத்தை, ஏர்கான் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவையுங்கள். முகவரி மாறியதை ஐசிஏவுக்கும் தெரிவிக்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர் இந்திய வங்கியின் ஓடிபி வராமல் தவித்ததாக எழுதியிருந்தார். இங்கே சிம் வாங்கியதும் பழைய சிம்மைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். ஊரிலேயே ரோமிங்கைத் திறந்து, அந்த எண் உயிரோடு இருக்கும்படி வைத்திருங்கள், இரண்டு சிம் போடும் ஃபோன் இருந்தால் நிம்மதி. இன்னொருவர் வேலை நேரத்தைப் பற்றிக் கேட்டிருந்தார். அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உங்கள் கல்விக்கூடம் இருந்தால்தான் வேலை செய்யலாம், பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 16 மணி நேரம் வரை. பட்டியல் மனிதவள அமைச்சின் தளத்தில் இருக்கிறது, யாரோ சொன்னார்கள் என்று இறங்கிவிடாதீர்கள். முதுகலை மாணவர்களுக்குப் பேருந்து, ரயில் சலுகை அட்டை கிடையாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், அது இளநிலைக்காரர்களுக்குத்தான்.

சித்தப்பா மகள் அன்று இரவே பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். மேல் வரி காலி. சேர்க்கைக் கடிதத்தில் சித்தப்பா பெயரும் சேர்ந்திருந்தது. உடனே அந்த மூன்று வரி மின்னஞ்சலை அனுப்பச் சொன்னேன். நேற்றுப் பதில் வந்துவிட்டதாம், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதிகிறோம் என்று.