மலைக்குப் பின்னால் மாட்டிய ரயில்

குன்னூர் வீட்டு மாடியில் மாதிரி ரயில் பாதை போட்டிருக்கிறேன். எச்ஓ என்கிற மாதிரி ரயில் அளவு, இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 16.5 மில்லிமீட்டர். குகைக்குள் போகிற வண்டி, அட்டை மலைக்குப் பின்னால் ஐந்து தடங்களில் ஒன்றில் காத்திருக்கும். ஐப்பசி மழை வந்தால் தொல்லைதான்: பிளைவுட் உப்பி, தடம் பிரியும் பாயிண்ட்டுகளில் பெட்டிகள் கவிழும். கைவிட்டு எடுக்கவும் இடமில்லை.

பாயிண்ட்டுகளைப் பிடுங்கிவிட்டு, ஐந்து தடங்களையும் ஒரே பலகையில் பதித்து, மேசை டிராயர் சேனலில் நகரவிட்டேன். வேண்டிய தடத்தைக் குகைக்கு நேரே இழுத்தால் சரி. ஆனால் தண்டவாளம் மயிரிழை விலகினாலும் வண்டி தடம் புரளும். அதோடுதான் ஒரு வாரம் மல்லுக்கட்டு. கடைசியில் கைகொடுத்தவை, இழுத்த தடத்தைக் குகைக்கு நேரே பூட்டி நிறுத்தும் இரண்டு பித்தளைத் தாழ்ப்பாள்கள். வண்டிக்குத் தண்டவாளம் வழியாகத்தான் கரண்ட் என்பதால், தண்டவாளத்துக்கு ஒன்றாக ஒயரையும் அவற்றிலேயே பற்றவைத்தேன். தாழ் விழுந்த தடத்துக்கு மட்டும் கரண்ட், மற்ற வண்டிகள் அசையாது. அப்புறம் பலகையின் இருபுறமும் வார்னிஷ்.

டிராயர் இழந்த மேசைக்காக வீட்டில் இன்னும் முணுமுணுப்பு.