பழைய 4 வீல் டிரைவ் வண்டியில் சத்தமா? ஸ்பேனரை எடுக்கும் முன் இதைச் செய்யுங்கள்

பழைய பிக்கப்பில் அடியிலிருந்து சத்தம் கேட்டால் பலரும் உடனே வண்டிக்கு அடியில் படுத்து, கைக்கு எட்டியதையெல்லாம் ஆட்டிப் பார்ப்பார்கள். பழைய வண்டியில் எல்லாமே கொஞ்சம் ஆடத்தான் செய்யும். சத்தம் எங்கே என்பதை அப்புறம் பார்க்கலாம். எப்போது வருகிறது என்பதை முதலில் பிடியுங்கள்.

படி 1: ஓட்டிக் கேளுங்கள்

ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலை, கண்ணாடிகள் இறக்கியபடி. சத்தம் வரும் வேகத்தில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து வண்டியை உருள விடுங்கள் (சாவியை அணைக்கக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம்). இன்ஜின் அடங்கிய பிறகும் அதே சத்தம் தொடர்ந்தால், அது உருளும் பாகங்களில் இருக்கிறது.

அடுத்து தாளத்தைக் கவனியுங்கள். டிஃபரன்ஷியல் (ஆக்சிலின் நடுவே, ஷாஃப்டின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பும் பல்சக்கரப் பெட்டி) விகிதம் 3.73 என்றால், சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு) கிட்டத்தட்ட நான்கு சுற்று சுற்றிவிடும். மெதுவாக ஊர்ந்து போகும்போது நிதானமான தாளத்தில் வந்தால் சக்கரப் பக்கம் பாருங்கள். படபடவென்று வந்தால் ஷாஃப்ட்.

படி 2: சத்தத்தைப் படியுங்கள்

டிரைவிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது 'டொக்' என்று ஒரு அடி, மெல்லப் போகும்போது குருவி கத்துவதுபோல் 'கீச் கீச்': முதல் சந்தேகம் யூ-ஜாயின்ட் (ஷாஃப்டின் முனையில், கோணம் மாறினாலும் சுற்றவிடும் இணைப்பு) மேல்தான். பிரேக் போட்டு நின்ற மறுகணம் 'டொக்' வந்தால் ஸ்லிப் யோக் (ஷாஃப்டின் நீளம் மாற இடம் கொடுக்கும் சறுக்கு இணைப்பு) காய்ந்திருக்கலாம். அதற்கு கிரீஸ் போட்டாலே பல நேரம் அடங்கிவிடும்.

'ஊ'வென்ற இரைச்சல் வேகத்தோடு ஏறினால் வீல் பேரிங் அல்லது டயர். வண்டியை லேசாக இடப்பக்கம் வளையுங்கள். பாரம் வலப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். அப்போது இரைச்சல் கூடினால் வலப்பக்க பேரிங்கைப் பாருங்கள். எந்தப் பக்கம் வளைத்தாலும் மாறாமல், சாலைப் பரப்பு மாறும்போது மட்டும் மாறினால் அது டயர்தான்.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதோ விடும்போதோ மட்டும் ஊளையிட்டால் டிஃபரன்ஷியல். இதை வீட்டில் வைத்துப் பிரிக்காதீர்கள். உள்ளே இருக்கும் கிரவுன், பினியன் என்ற இரு பல்சக்கரங்களின் பற்கள் பொருந்தும் இடைவெளியை அளந்து அமைக்க அனுபவமும் கருவிகளும் வேண்டும்.

படி 3: அடியில் பாருங்கள்

சமதளம், சக்கரங்களுக்கு அடைகட்டை, ஜாக்கியோடு ஸ்டாண்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) நியூட்ரலில் இருந்தாலோ ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றினாலோ, கியர் 'பார்க்'கில் இருந்தும் வண்டி உருளும்.

ஷாஃப்டைப் பிடித்து முறுக்கி, மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். முறுக்கும்போது கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அது பற்களுக்கிடையே உள்ள இடைவெளி. யூ-ஜாயின்டின் மூடிக்கும் அதைப் பிடித்திருக்கும் கவை போன்ற யோக்குக்கும் நடுவே அசைவு தெரிந்தாலோ மூடியைச் சுற்றிச் செம்பழுப்புத் துருத்தூள் படிந்திருந்தாலோ ஜாயின்ட் முடிந்தது. கழற்றும் முன் ஷாஃப்டிலும் அது பூட்டியிருக்கும் ஃபிளாஞ்ச் தட்டிலும் பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். இடம் மாற்றிப் பூட்டினால் புது அதிர்வு வந்து சேரும்.

டிஃபரன்ஷியல் ஆயிலைப் பார்க்கும்போது, நிரப்பும் போல்ட்டை முதலில் கழற்றுங்கள். வடிக்கும் போல்ட்டை முதலில் திறந்துவிட்டு, மேலே உள்ளது துருப்பிடித்துக் கழலவில்லை என்றால், ஆயில் இல்லாத வண்டியோடு நிற்க வேண்டியதுதான். காந்த போல்ட்டில் சாம்பல் நிறப் பசை இருந்தால் சாதாரணத் தேய்மானம். நகத்தில் சிக்கும் அளவு சில்லுகள் இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்.

படி 4: 4 வீல் விழவில்லையா (இணையவில்லையா)?

முதலில், பழுதில்லாத ஒரு 'பழுது'. பார்ட்-டைம் 4 வீல் வண்டியில் முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார்ச்சாலையில் 4 வீல் போட்டுத் திருப்பினால் வண்டி இழுத்துப் பிடிக்கும், துள்ளும். அது இயல்பு, அப்படி ஓட்டுவதுதான் தப்பு. ஆனால் மணலிலோ சேற்றிலோ மிதித்தால் 'படார் படார்' என்று வழுக்கி அடித்தால், டிரான்ஸ்ஃபர் கேஸின் செயின் தளர்ந்திருக்கலாம்.

விழவே இல்லை என்றால், முன் சக்கரங்களுக்கு விசை போகும் பாதையை இரண்டாகப் பிரியுங்கள். கையால் பூட்டும் ஹப் (முன் சக்கரத்தை ஆக்சில் ஷாஃப்டோடு சேர்க்கும், பிரிக்கும் நடுப்பாகம்) உள்ள வண்டியில் ஹப்களை 'ஃப்ரீ'யில் வைத்து, 4 வீல் போட்டு, மண் தரையில் ஊர்ந்து போங்கள். பக்கவாட்டில் எட்டி நிற்கும் ஒருவர் முன் ஷாஃப்டைப் பார்க்கட்டும். அது சுற்றினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் வேலை செய்கிறது. கோளாறு அதற்கு அப்பால், முன் ஆக்சில் பக்கம். சுற்றாவிட்டால் லீவர் இணைப்பையோ ஷிஃப்ட் மோட்டாரையோ பாருங்கள்.

ஹப்பைச் சோதிக்க, முன் சக்கரத்தைத் தூக்கி, 'லாக்'கில் வைத்துக் கையால் சுற்றுங்கள். உள்ளே ஆக்சில் ஷாஃப்டும் கூடவே சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் ஹப்பைத் திறந்து பாருங்கள். கெட்டியான பழைய கிரீஸ் அடைத்திருப்பது சகஜம்.

முன் ஆக்சிலை வேக்குவம் (காற்று உறிஞ்சல்) இணைக்கும் வண்டி என்றால், இன்ஜின் ஓடும்போது 4 வீல் போட்டு, அந்த உறிஞ்சலால் ஆக்சிலை இணைக்கும் ஆக்சுவேட்டரில் உள்ள ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி விரலால் பொத்துங்கள். எதிலும் உறிஞ்சல் இல்லையென்றால் ஆக்சுவேட்டரை மாற்றக் கிளம்பாதீர்கள். குழாயை இன்ஜின் வரை தடவிக்கொண்டே போங்கள். எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் போகும் இடத்தில்தான் பெரும்பாலும் வெடித்திருக்கும்.