டிஜே செட்டில் 'ஊம்' இரைச்சலை நிறுத்திய விதம்

மொபைல் டிஜே தொழில் தொடங்குகிறவர்கள் முதலில் ஸ்பீக்கர் எத்தனை வாட்ஸ் என்றுதான் கேட்பார்கள். நடுத்தர மண்டபத்துக்கு இரண்டு 12 இன்ச் ஆக்டிவ் ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருப்பது), லேப்டாப் பாட்டுகளை மிக்ஸ் செய்ய ஒரு கன்ட்ரோலர் போதும். மிச்சக் காசைக் கேபிளுக்கு ஒதுக்குங்கள்.

கல்யாண மண்டபங்களில் எனக்குப் பெரிய தலைவலி, பாட்டு ஓடாத நேரத்திலும் ஸ்பீக்கரில் கேட்கும் 'ஊம்' இரைச்சல். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கும், செருகினால் திரும்ப வரும். காரணம் அதிலேயே தெரிந்துவிட்டது. லேப்டாப் மேடை பிளக்கில், ஸ்பீக்கர்கள் ஹாலின் இரு மூலைகளில். பிளக், ஆடியோ கேபிள் என எர்த் இரண்டு வழியாகச் சுற்றுவதால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சல் ஆடியோவில் ஏறிவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுத்தேன், ஓரளவு குறைந்தது. அப்புறம் கன்ட்ரோலருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (ஆடியோ சிக்னலை மைக் அளவுக்கு மாற்றித் தரும் சின்னப் பெட்டி) வைத்து, ஆடியோ கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினேன். சுத்தமாக நின்றது!

சிலர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், ஷாக் அடித்தால் உயிரே போகும்.

ஒரு விஷயம்: டிஐ பாக்ஸிலிருந்து வரும் சிக்னல் சன்னமாக இருக்கும். ஸ்பீக்கரில் இன்புட்டை மைக்குக்கு மாற்றி, கெயினை (சிக்னலைப் பெரிதாக்கும் அளவை) மெதுவாக ஏற்றுங்கள். டிஐ பாக்ஸ் வாங்கும்போதே, ஸ்பீக்கருக்கு ஒன்றாக இரண்டு சேனல் உள்ளதாகப் பாருங்கள்.